சீழ்க்கையும் குறுங்காற்றும்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய கோப்பு கிடக்கிறது. 2006ஆம் ஆண்டு நாங்கள் தமிழாக்கிக் கொடுத்த வினாத்தாள் ஒன்றின் படி அதனுள் இருக்கிறது. தேர்வுக்கான வினாத்தாள் அன்று. வட ஆற்காட்டு மலையடிவாரக் கிராமங்களில் பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா எந்த அளவுக்கு இருக்கிறது என்று தாய்மாரிடம் கேட்டறிவதற்காக, குழந்தைநல மருத்துவராகிய நண்பர் ஒருவர் எங்களிடம் கொடுத்த இரண்டு பக்க ஆங்கிலத் தாளின் தமிழ் வடிவம் அது.

நாங்கள் என்றால் கணவனும் மனைவியும். ஒரே கல்லூரியில், ஒரே துறையில் தமிழ் இலக்கியம் கற்பிக்கிறோம். எதை எழுதினாலும் இருவரும் மாறிமாறித் திருத்தியே பழகிவிட்டதால், 'நான்' என்ற சொல் எங்கள் எழுத்தில் இடம்பெறுவதில்லை. அன்றைக்கு முதுகலைப் படிப்பின் சூடு இன்னும் ஆறியிராத வயது. பிறமொழிச் சொல் ஒன்று உரைநடையில் கலந்துவிட்டால், சோற்றில் கல் கடிபட்டதுபோல முகம் சுளிப்போம்.

தாளின் முதல் வினா எளியது. மூச்சு விடும்போது பிள்ளையின் நெஞ்சிலிருந்து விசில் போன்ற ஓசை எப்போதாவது வந்திருக்கிறதா என்பதே அதன் பொருள். 'வீசிங்' என்றே போட்டுவிடலாம் என்றார் நண்பர். மறுத்தோம். 'விசில் சத்தம்' என்றாவது போடுங்கள் என்றார். அதையும் மறுத்தோம். நல்ல தமிழ்ச்சொல் இருக்கையில் இரவல் எதற்கு என்பது எங்கள் வாதம். 'மூச்சு விடும்போது பிள்ளையின் நெஞ்சில் சீழ்க்கை எழுந்ததுண்டா?' என்று எழுதிக் கொடுத்தோம். வாய்விட்டு வாசித்துப் பார்த்து எங்களுக்குள் மகிழ்ந்துகொண்டோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வீடுவீடாகச் சென்று கேட்டவர்கள், நண்பருக்கு உதவ வந்த இளைஞர்கள். ஒரு சனிக்கிழமை நாங்களும் உடன் போனோம். ஓட்டு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து புளியில் கொட்டை நீக்கிக்கொண்டிருந்த தாய் ஒருவர், வினாவைக் கேட்டதும் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"சீழா? ஐயோ, எம்புள்ளைக்கு அதெல்லாம் இல்லீங்க சார். வெறும் இழுப்புதான். பனிக்காலத்துல கர்ருகர்ருனு இழுக்கும். அவ்வளவுதான்."

இளைஞர் 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டார். அவர்மீது குற்றமில்லை. இழுப்பைப் பற்றி அந்தத் தாளில் வினாவே இல்லை.

அந்த ஆண்டின் இறுதியில் வெளியான சிறு அறிக்கை, அப்பகுதிப் பிள்ளைகளிடம் ஆஸ்துமா குறைவு என்று சொன்னது. குறைவு என்று இருந்ததனாலேயே அதன்மேல் எதையும் செய்ய வேண்டிய தேவை எவருக்கும் எழவில்லை. பிழை எங்கே நேர்ந்தது என்பது அந்தத் திண்ணையிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நண்பரிடம் சொல்லவில்லை. தமிழ் தெரிந்தவர்கள் என்று அவர் எங்களை நம்பியிருந்தார். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இதைச் சொல்வதற்கு எங்களுக்குப் பதின்மூன்று ஆண்டுகளும், ஆஸ்திரேலியாவின் வடமுனைக்கு ஒரு பயணமும் தேவைப்பட்டன.

*

நண்பர் கொடுத்த ஆங்கில வினாக்கள் அவர் தாமாக எழுதியவை அல்ல. குழந்தைப் பருவத்து ஆஸ்துமாவையும் ஒவ்வாமையையும் உலகெங்கும் ஒரே அளவுகோலால் அளப்பதற்காக 1991இல் தொடங்கப்பட்ட ஆய்வொன்றை ஒட்டியவை. அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி 'ஐசக்' என்பார்கள். 1998இல் வெளிவந்த அதன் முதற்கட்ட முடிவுகள் 56 நாடுகளில், 155 மையங்களில், 13, 14 வயதுடைய 463,801 பிள்ளைகளிடமிருந்து திரட்டப்பட்டவை. சென்னையும் நெய்வேலியும் அம்மையங்களுள் இருந்தன. ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் இடையே இருபது மடங்குக்கும் மேலான வேறுபாடு தென்பட்டது. பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவை வரிசையின் உச்சியில் இருந்தன.

இத்தனை வேறுபாட்டில் நோயின் பங்கு எவ்வளவு, சொல்லின் பங்கு எவ்வளவு என்ற ஐயம் ஆய்வாளர்களுக்கே இருந்தது. 'வீஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேரான சொல் பல மொழிகளில் இல்லை. ஆகவே சொல்லையே விலக்கிவிடும் உபாயம் ஒன்றையும் அவர்கள் கைக்கொண்டனர். சற்றே வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு காணொளி போட்டுக் காட்டினார்கள். அமர்ந்திருக்கையில் ஒருவருக்கு நெஞ்சு ஒலிக்கிறது. ஓடிய பின் இன்னொருவருக்கு ஒலிக்கிறது. ஒருவர் இரவில் மூச்சொலியோடு விழிக்கிறார். ஒருவர் இருமலோடு விழிக்கிறார். ஒருவர் பேசவும் மாட்டாமல் திணறுகிறார். ஐந்து காட்சிகள். உன் மூச்சு இதுபோல் இருந்ததுண்டா என்பதுதான் வினா.

தமிழில் நேர்ச்சொல் இல்லாமல் போகவில்லை. எங்கள் சிக்கல் அதற்கு மாறானது, சொற்கள் மிகுதி. வடக்கே இழுப்பு, தெற்கே சில ஊர்களில் இளைப்பு, பொதுவாக இரைப்பு, வைத்திய நூல்களில் ஈளை, யாழ்ப்பாணத்தார் வாயில் தொய்வு, முட்டு. நகரத்துத் தாய்மாருக்கு இப்போது வீசிங். இவற்றுள் எதையும் தேர்ந்துகொள்ளாமல், எந்தத் தாயும் தன் பிள்ளையின் நோயைக் குறிக்கப் பயன்படுத்தாத ஒரு சொல்லை நாங்கள் தேடிப் பிடித்திருந்தோம். தமிழ் கற்பிப்பவர்களால் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது.

*

எங்கள் தங்கை செவிலியர். கெய்ன்ஸ் நகரில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு டாரஸ் நீரிணைப் பகுதிக்கு மாற்றல் பெற்றுச் சென்றாள். ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு முனைக்கும் பாப்புவா நியூ கினிக்கும் இடையே சிதறிக் கிடக்கும் தீவுகள் அவை. 2019 மே மாத விடுமுறையில் அவளைப் பார்க்கப் போனோம். கெய்ன்ஸிலிருந்து சிறு விமானத்தில் ஏறி ஹார்ன் தீவில் இறங்கி, அங்கிருந்து படகில் தர்ஸ்டே தீவுக்குச் செல்ல வேண்டும். வியாழக்கிழமைத் தீவு என்று பொருள். அண்டையில் செவ்வாயும் புதனும் வெள்ளியும் உண்டு. தீவின் பழம்பெயர் வைபென். மூன்றரைச் சதுரக் கிலோமீட்டர் பரப்புக்குள் அடங்கும் அத்தீவுதான் முழு நீரிணைக்கும் தலைமையிடம். வெளித்தீவு ஒன்றில் பிள்ளைக்கு மூச்சு அடைத்தால் ஹெலிகாப்டரில் இங்கே கொண்டுவருகிறார்கள். இங்கும் முடியாதெனில் ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தெற்கே கெய்ன்ஸுக்கு.

ஆஸ்திரேலியாவின் பூர்வகுடியினர் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பெருநிலத்தின் அபாரிஜினல் மக்களும், டாரஸ் நீரிணைத் தீவினரும் வெவ்வேறானவர்கள். தீவினரிடம் கலா லகாவ் யா, மெரியம் மிர் என்று இரு மரபு மொழிகள் உண்டு. இவை போக, எல்லாத் தீவினரும் கலந்து பேசும் யும்ப்ளாடோக் என்ற கிரியோல் மொழியும் உண்டு.

தங்கை தன் பணியிடத்துக்குள் எங்களை அழைத்துப் போகவில்லை. நோயாளிகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது முறையும் அன்று. ஆனால் பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவரிடம் எங்களை அறிமுகம் செய்துவைத்தாள். அவர் தீவுப்பெண், ஓய்வு பெற்ற சுகாதாரப் பணியாளர். அங்கே மூத்த பெண்களை எல்லோரும் ஆன்ட்டி என்றே அழைக்கிறார்கள். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு இல்லாத கனம் அங்கே அதற்கு இருக்கிறது. மாலையில் தென்கிழக்குக் காற்று சற்றுத் தணிந்ததும் கடற்கரை ஓரத்துத் திண்டில் வந்து அமர்வார். தமிழ் கற்பிப்பவர்கள் என்று தெரிந்ததும், மருத்துவம் பேசாமல் சொற்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

"ஆஸ்துமா உண்டா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். அது ஆஸ்பத்திரியின் சொல். ஷார்ட் விண்ட் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். பாட்டிக்கு இருந்தது, மாமனுக்கு இருந்தது, இப்போது இவனுக்கு என்று மூன்று தலைமுறைக் கதை வரும்."

ஷார்ட் விண்ட். குறுங்காற்று. வட ஆஸ்திரேலியப் பூர்வகுடியினரின் ஆங்கிலத்தில் பரவலாக வழங்கும் சொல் என்பதைப் பின்னர் அறிந்தோம். நீரிணைக்கு வடக்கே பாப்புவா நியூ கினியின் டோக் பிசின் மொழியிலும் 'சோட்வின்' என்றுதான் சொல்கிறார்கள். ஆங்கிலத்திலிருந்து இரண்டு எளிய சொற்களை எடுத்து, தங்களுக்கென ஒரு சொல்லை ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள். நெஞ்சில் ஒலிப்பதை அது சொல்லவில்லை. காற்று போதாமல் போவதைச் சொல்கிறது. கேட்பவரின் காதிலிருந்து அன்றி, மூச்சு விடுபவரின் நெஞ்சிலிருந்து பிறந்த சொல்.

"ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் கட்டத்தில் குறி போட்டுவிடக் கூடாது" என்றார் ஆன்ட்டி. "இதயம் கெட்டாலும் ஷார்ட் விண்ட். மாடி ஏறினாலும் ஷார்ட் விண்ட். எந்தக் குறுங்காற்று என்று தெரிய வேண்டுமானால் உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்க வேண்டும். தேநீர் ஆறும்வரை கேட்க வேண்டும்."

எங்கள் திண்ணைத் தாய் அப்போது நினைவில் வந்தார். அவர் எங்களைத் தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று எழுந்துவிட்டோம்.

*

ஊர் திரும்பிய பின் இதைப் பற்றி ஓரளவு தேடிப் படித்தோம்.

நகரத்து வெள்ளையர்களின் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா பெருகிக்கொண்டிருந்த காலத்தில், தொலைதூரப் பூர்வகுடிச் சமூகங்களில் அந்நோய் அரிது என்ற கருத்து ஆஸ்திரேலிய மருத்துவத்தில் நெடுங்காலம் நிலவியது. நியூ சவுத் வேல்ஸின் கடலோர ஊரான பெல்மாண்டில் 1982க்கும் 1992க்கும் இடையே, மூச்சொலி உள்ள பிள்ளைகளின் விகிதம் இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்திருந்தது. நாகரிகம் பெருகப் பெருக இந்நோயும் பெருகும். அது எட்டாத இடத்தில் நோயும் எட்டாது என்று எண்ணிக்கொள்வது எளிதாக இருந்தது. சிறுவயதில் கிருமிகளோடு பழகாத உடலே பின்னாளில் ஒவ்வாமைக்கு ஆளாகிறது என்ற கருதுகோளை டேவிட் ஸ்ட்ராக்கன் 1989இல் முன்வைத்ததும் இவ்வெண்ணத்துக்குத் துணையாயிற்று.

2001இல் ஐரோப்பிய மருத்துவ இதழொன்றில் ஓர் ஆய்வு வெளியானது. டாரஸ் நீரிணைப் பகுதியின் ஐந்து சமூகங்களில், ஐசக் வினாக்களைக் கொண்டே பிள்ளைகளைப் பற்றிக் கேட்டறிந்திருந்தார்கள். அங்கே ஆஸ்துமா அரிதன்று, மிகுதி என்பதை அதன் தலைப்பே சொன்னது. நோய் புதிதாக வந்ததா, முன்பே இருந்து எண்ணப்படாமல் கிடந்ததா? இரண்டும் இருக்கலாம்.

புதிதாக வரமுடியும் என்பதற்குச் சான்று நீரிணைக்கு வடக்கேயே உண்டு. நீரிணையின் சாய்பாய் தீவிலிருந்து பாப்புவா நியூ கினியின் கரை சுமார் நான்கு கிலோமீட்டர்தான். அந்நாட்டின் கிழக்கு மலைப்பகுதியில் ஃபோரே என்ற மக்கள் வாழ்கிறார்கள். கூரு என்ற மூளைநோயால் மருத்துவ உலகில் அறியப்பட்டவர்கள். அவர்களிடையே ஆஸ்துமா ஏன் திடீரென்று தலைகாட்டியது என்று ஆராய்ந்த குழு ஒன்று, 1985இல் வெளியிட்ட கட்டுரையில் போர்வையைச் சுட்டியது. போர்வை அந்த மக்களிடம் புதிதாக வந்த பொருள். அடிக்கடி துவைக்கப்படாத போர்வைகளில் தூசு உண்ணிகள் பல்கிப் பெருகின. இரவெல்லாம் அதை முகம்வரை இழுத்து மூடி உறங்கியவர்களுக்கு மூச்சு கெட்டது. பிள்ளைகளைவிடப் பெரியவர்களிடமே அது மிகுதியாகக் காணப்பட்டது. குளிருக்கு இதமென்று கொடுக்கப்பட்ட பொருள், கொடுத்தவரும் பெற்றவரும் அறியாத ஒன்றைத் தன் மடிப்புகளில் கொண்டுவந்திருந்தது.

புகையிலையின் வரலாறு அத்தனை களங்கமற்றதன்று. ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் மாட்டுப் பண்ணைகளிலும் மிஷன்களிலும் பூர்வகுடியினரின் உழைப்புக்குப் பணத்துக்குப் பதிலாக மாவும் சர்க்கரையும் தேயிலையும் புகையிலையும் படியளக்கப்பட்டன. கூலியாகப் புகையிலையைப் பெற்றவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்று புகை சூழ்ந்த வீட்டில் மூச்சு விடுகிறார்கள். 2012–13இல் 15 வயதுக்கு மேற்பட்ட பூர்வகுடியினரில் 41 விழுக்காட்டினர் நாள்தோறும் புகைத்தனர். 2018–19இல் அது 37 விழுக்காடாகக் குறைந்தது. குறைந்துவருகிறது என்பது ஆறுதல்தான். ஆயினும் கருவிலும் கைக்குழந்தைப் பருவத்திலும் உட்செல்லும் புகை, மூச்சுக்குழலின் வளர்ச்சியைக் கெடுத்து நோய்க்கு வழி திறந்துவிடுகிறது.

அடுத்தது வீடு. போதிய வீடுகள் கட்டித்தரப்படாத இடங்களில் ஒரே கூரையின் கீழ் இரண்டு மூன்று குடும்பங்கள் உறங்குகின்றன. ஒரு குழந்தைக்குச் சளி பிடித்தால் எல்லாக் குழந்தைகளுக்கும் பிடிக்கும். ஆறுவதற்கு முன் அடுத்த சளி. நீரிணையின் ஈரக்காற்றில் சுவர்கள் பூஞ்சை பிடிக்கின்றன. நடு ஆஸ்திரேலியாவில் செம்மண் தூசு. ஆஸ்துமாவை அந்தக் குழந்தையின் உடலில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். மறுபாதி அந்த வீட்டின் சுவரில் இருக்கிறது.

*

ஒரு புள்ளிவிவரம் எங்களை நெடுநேரம் நிறுத்தியது. 2018–19ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய அரசின் சுகாதாரக் கணக்கெடுப்பில், எல்லா வயதுப் பூர்வகுடியினரும் சேர்ந்து, நகரங்களிலும் அவற்றை அடுத்தும் வாழ்பவர்களில் 17 விழுக்காட்டினர் தங்களுக்கு ஆஸ்துமா உண்டு என்றனர். தொலைதூரப் பகுதிகளில் 9 விழுக்காட்டினரே அவ்வாறு சொன்னார்கள். ஏறத்தாழப் பாதி.

மேலோட்டமாகப் பார்த்தால், தூரத்துக் காற்று நல்ல காற்று என்று தோன்றும். எங்களுக்கோ அந்தத் திண்ணைதான் தோன்றியது. கணக்கெடுப்பின் வினாவுக்கு ஒருவர் 'ஆம்' என்று சொல்ல வேண்டுமானால், அதற்கு முன் அவரிடம் யாரேனும் அந்தப் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். மருத்துவர் மாதத்துக்கு ஒருமுறை வந்துபோகும் ஊரில் பெயர் சொல்வார் யார்? உண்மையிலேயே நோய் குறைவாக இருப்பதும் இயலாததன்று. ஆனால் 9 என்ற எண்ணைக் கண்டு ஒருவர் நிம்மதி அடைவாரானால், அவர் அறிய வேண்டிய இன்னொரு எண் இருக்கிறது.

குழந்தைகளின் நுரையீரல் நோய் மருத்துவரான ஆன் சாங்கும் அவருடைய சகாக்களும், நடு ஆஸ்திரேலியாவின் அபாரிஜினல் குழந்தைகளில் ஆயிரத்துக்குக் குறைந்தது 14.7 பேருக்கு 'பிராங்கியெக்டாசிஸ்' இருப்பதாக 2000களின் தொடக்கத்தில் கணக்கிட்டார்கள். மூச்சுக்குழல் விரிவு நோய் என்று சொல்லலாம். ஆஸ்துமாவில் மூச்சுக்குழல் சுருங்குகிறது, மருந்தை உறிஞ்சினால் விரிகிறது, மீண்டும் சுருங்குகிறது. இதுவோ வேறு. மார்புச் சளியும் கிருமித்தொற்றும் ஓயாமல் வந்து வந்து, குழலின் சுவர் அரிக்கப்பட்டுத் தளர்ந்து அகன்றுவிடுகிறது. அகன்ற இடத்தில் சளி தேங்குகிறது. தேங்கிய சளியில் கிருமி வளர்கிறது. முற்றிய நிலையில் குழல் பழைய வடிவுக்குத் திரும்புவதில்லை. வசதி படைத்த நாடுகளில் பிள்ளைகளிடம் அரிதாகிவிட்ட நோய் என்று கருதப்பட்டது, அப்படிப்பட்ட ஒரு நாட்டின் நடுவிலேயே இத்தனை பேரிடம் இருந்தது.

இதன் முதல் அறிகுறி இருமல். அதுவும் சளியோடு கூடிய ஈர இருமல். நான்கு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் ஈர இருமலை ஆஸ்துமா என்று பெயரிட்டு உறிஞ்சும் மருந்தைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள், அதற்குத் தக்க கிருமிக்கொல்லி தேவைப்படலாம் என்பதே அம்மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவருவது. உரிய காலத்தில் கவனித்தால் குழல் கெடுவதைத் தடுக்கலாம்; தொடக்க நிலையில் மீட்கவும் கூடும். ஆகவே இங்கே பெயர் இரண்டு வகையில் தவறக்கூடும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அப்பெயர் கிடைக்காமல் போகலாம். அது இல்லாத பிள்ளைக்கு அப்பெயர் கிடைத்து, உண்மையான நோய் அதன் பின்னே மறைந்துகொள்ளலாம்.

2010களின் இறுதியில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் நடந்த ஆய்வுகள், குடும்பத்தினர் இந்த இருமலுக்காக ஏன் மருத்துவரை நாடுவதில்லை என்று கேட்டன. எல்லாப் பிள்ளைகளும் இருமுகிறார்கள். ஆகவே இருமல் இயல்பு. அது நோயின் அறிகுறி என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. சொன்ன பின் அவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

தர்ஸ்டே தீவின் கடற்கரையில் ஆன்ட்டி இதை ஒரே வரியில் சொல்லியிருந்தார். "வெறும் இருமல்தான் என்று ஒரு தாய் சொன்னால், நான் நோட்டை மூடிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அந்த வீட்டில்தான் வேலை இருக்கிறது."

*

நீரிணைப் பகுதியில் நடந்த இன்னொரு முயற்சியையும் சொல்ல வேண்டும். ஆஸ்துமா உள்ள 88 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் மருத்துவர் உரிய மருத்துவம் செய்தார். அவர்களில் ஒரு பகுதியினரின் குடும்பங்களுக்கு மட்டும், அந்த மண்ணைச் சேர்ந்த, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் கூடுதலாகச் சென்று நோயைப் பற்றிப் பேசினார்கள். 2010இல் முடிவுகள் வெளிவந்தன. அவசரமாக மருத்துவமனைக்கு ஓடும் தடவைகள் இரு பிரிவிலும் குறிப்பிடத்தக்க அளவில் வேறுபடவில்லை. ஆய்வின் முதன்மை நோக்கம் அதுதான் என்பதால், கறாராகப் பார்த்தால் இது வெற்றியன்று. ஆனால் தம்மவர் வந்து பேசிய வீடுகளின் பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம்போட்ட நாட்கள் குறைந்திருந்தன. வளர்ப்பவர்களுக்கு நோயைப் பற்றிய தெளிவு கூடியிருந்தது.

பள்ளி நாட்கள் என்ற அந்த அளவை எங்கள் மனத்தில் தங்கிவிட்டது. எங்கள் இருவரில் ஒருவருக்குச் சிறுவயதில் இழுப்பு உண்டு. மார்கழி முழுவதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே உறங்கிய பிள்ளை. நான்காம் வகுப்பில் எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை என்பது இன்றும் நினைவிருக்கிறது. இழுப்பின் வேதனை அந்த அளவுக்கு நினைவில் இல்லை. தெருவில் மற்ற பிள்ளைகள் விளையாடும் ஓசை கேட்கும். உள்ளே தன் நெஞ்சின் ஓசை கேட்கும். அந்த ஓசைக்கு அன்று வீட்டில் யாரும் சீழ்க்கை என்று பெயர் சொன்னதில்லை. பாட்டி 'பூனைக்குட்டி கத்துது' என்பார். வினாத்தாளைத் தமிழாக்கிய நாளில் அந்தப் பூனைக்குட்டி எங்களுக்கு நினைவுக்கு வரவே இல்லை. எங்கள் நெஞ்சுக்குள்ளேயே இருந்த சொல்லை விட்டுவிட்டு அகராதியில் தேடியிருக்கிறோம்.

*

ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிய மறுவாரம் நண்பரைப் பார்க்கப் போனோம். பரணிலிருந்து கோப்பை எடுத்துச் சென்றிருந்தோம். சீழ்க்கையின் கதையைச் சொன்னோம். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அன்னைக்கே ஏன் சொல்லல?" என்றார்.

எங்களிடம் பதில் இல்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. சிறிது நேரம் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். தம்முடைய மருத்துவமனைக்கு வரும் தாய்மாரிடம் கேட்பதற்குப் புதிதாக ஒரு தாள் எழுதித் தரும்படி சொன்னார். எழுதினோம். இம்முறை முதல் வினாவில் நோயின் பெயரே இல்லை. பிள்ளையின் மூச்சுக்கு என்ன தொந்தரவு, உங்கள் வீட்டில் அதை எப்படிச் சொல்வீர்கள் என்று மட்டும் கேட்டு, கீழே நான்கு வெற்றுக் கோடுகள் விட்டிருந்தோம். இரண்டாவது வினா இருமலைப் பற்றியது. எத்தனை வாரம், சளி உண்டா என்பது. நண்பர் படித்துப் பார்த்துவிட்டு, கட்டங்கள் இல்லாவிட்டால் எண்ணுவது கடினம் என்றார். கடினம்தான் என்றோம். வாங்கி வைத்துக்கொண்டார்.

சில மாதங்கள் கழித்து நிரப்பப்பட்ட தாள்கள் சிலவற்றின் முதல் விடைகளை மட்டும், பெயர்களை நீக்கிவிட்டு எங்களுக்கு வாசித்துக் காட்டினார். நெஞ்சு கொர்கொர்னு இருக்கும். ராவுல எந்திரிச்சு உக்காந்துக்குவான். ஓடினா நின்னுடுவா. ஒரு தாளில் 'ஒன்றுமில்லை, வெறும் சளி' என்று இருந்தது. அந்தத் தாளின் மூலையில் நண்பர் சிவப்பு மையில் ஒரு சுழி இட்டிருந்தார். அந்தக் குழந்தையை மறுபடி வரச்சொல்லியிருக்கிறார்.

2006இல் திண்ணையில் புளி எடுத்துக்கொண்டிருந்த அந்தத் தாயின் பிள்ளைக்கு இப்போது முப்பது வயதை நெருங்கியிருக்கும். அந்த ஊருக்கு ஒருமுறை போய் வந்தோம். வீடு பூட்டியிருந்தது. குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அந்தப் பையனுக்கு இழுப்பு இருந்ததே, இப்போது எப்படி என்று கேட்டோம்.

"அதுவா? பனி வந்தா வரும். சிமெண்டு வேலை பாக்கறான்ல, அங்க கொஞ்சம் அதிகம்னு சொன்னாங்க. வெறும் இழுப்புதானே" என்றார் அந்தப் பெண்மணி. பிறகு எங்களைத் தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

உட்கார்ந்தோம்.